எழுதினவங்க எந்திரிக்கலாம்

என்ன சார், கதையா படிக்கிறீங்க? படிங்க, படிங்க. உங்க அப்பா ஊசி போட்டுத் தூங்குறாரு, இனி சாயங்காலம் வரைக்கும் உங்களுக்கு என்ன வேலை. ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. கதையைப் படிக்கிறதுக்கு முன்னால எழுதினது யாருன்னு பாத்துக்கோங்க. நான் அதைப் பாக்காம விட்டவன். இந்தா, கட்டுப் போட்டுத் தொங்க விட்டிருக்காங்களே கை, இது அதனால வந்தது.

இல்ல இல்ல, அடிதடி எல்லாம் இல்ல. வழுக்கி விழுந்துட்டேன். கேஸ் சீட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு, வேணும்னா நர்ஸம்மாகிட்ட கேட்டுக்கோங்க.

என் பேரு சோலைமலை. கறிக்கடை. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து சோலைமலை கடைன்னு கேளுங்க, சின்னப் புள்ள கூட கையைக் காட்டும். கறிக்கடைக்காரனுக்குக் கதையைப் பத்தி என்ன தெரியும்னுதான நெனைக்கிறீங்க? நெனைங்க. எல்லாரும் அப்படித்தான் நெனைச்சாங்க. எங்க ஊரு கதைக்கூடத்துக்கு நான்தான் சார் புரவலர். நோட்டீஸ்ல மேல என் பேரு, அதுக்குக் கீழதான் மத்தவங்க பேரு.

கடைக்குப் பின்னாலயே எங்க வீடு, மேல ஒரு மாடி இருக்கு, தகரக் கொட்டகை. மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை, யாவாரம் முடிஞ்சு கடையைக் கழுவி விட்ட பொறவு, அங்கதான் கூட்டம் நடக்கும். வாடகை கெடையாது. டீயும் சுண்டலும் நம்ம வீட்டுச் செலவு. கனகசபை வாத்தியாரு செயலாளர், ஐஸ்கூல்ல தமிழ் எடுக்கிறவரு. அந்தா தெரியுதா, கடைசிக் கட்டில்ல, சன்னல் ஓரமா, ரெண்டு கையிலயும் மாவுக்கட்டு? அவருதான். அவன்தான். சொல்றேன், சொல்றேன்.

எங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறது மெர்சி அம்மா. காலேஜ்ல தமிழ்த்துறை. ஒரு கதையை எடுத்தா அந்தம்மா பிரிக்கிற அழகே தனி. கரு இது, களம் இது, இவங்க பாத்திரம், இங்க முரண், இங்க உச்சம். எனக்கு டக்குன்னு புடிபட்டுப் போச்சு. நானும் காலையில இருந்து அதைத்தான செய்யிறேன்? தொடை வேற, நெஞ்செலும்பு வேற, ஈரல் வேற. முரண்னா சண்டை சார். யாரும் யாரோடயும் முட்டிக்கலைன்னா அது கதையில்ல, கல்யாணப் பத்திரிகை. உச்சம்னா கத்தி கழுத்துல எறங்குற எடம். முந்தியும் எறங்கக்கூடாது, இழுத்துக்கிட்டும் கெடக்கக்கூடாது. இதை நான் கூட்டத்துல சொன்னப்ப மெர்சி அம்மாவே, நல்லாச் சொன்னீங்கன்னாங்க.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு மண்டையில ஏறல. நோக்குநிலை. யாரு கண்ணு வழியாக் கதை நடக்குதுன்னு பாக்கணுமாம். யாரு கண்ணா இருந்தா என்ன சார், ஆடு செத்தது செத்ததுதான? கேட்டேன். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "ஆட்டோட கண்ணு வழியாப் பாத்தா எப்படி இருக்கும் அண்ணே?"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ஆடு எங்கிட்டு சார் கதை சொல்லப் போகுது?

டீ குடுக்கிறது பஞ்சவர்ணம். என் வீட்டம்மா. எட்டாப்பு படிச்சவ. கூட்டம் முடியிற வரைக்கும் டிரேயைப் புடிச்சுக்கிட்டு சுவத்தோரமா நிப்பா. மெர்சி அம்மா ஒருக்க, "நீங்களும் உக்காருங்கக்கா, உங்களுக்கு எந்தக் கதை புடிச்சதுன்னு சொல்லுங்க"ன்னாங்க. நான்தான் சொன்னேன், "அவளுக்கு நின்னே பழக்கம்மா, விடுங்க"ன்னு. அவளுக்கு என்ன தெரியும் கதை. டீயில சீனி அளவு தெரிஞ்சாப் போதாதா.

இன்னொண்ணு சொல்லணும். கூட்டத்துல ஒரு வழக்கம் உண்டு. அது என் யோசனை. முன்னெல்லாம் தாசில்தார் மச்சான் கதை எழுதினா, கேக்கிறதுக்கு முன்னாலயே கை தட்டுவாங்க. சைக்கிள் கடை ராவணன் எழுதினா, நல்ல கதையா இருந்தாலும் கொட்டாவி விடுவாங்க. எனக்கு ஆத்தாமை வந்துருச்சு. எந்திரிச்சுச் சொன்னேன்: "ஆட்டை உரிச்சுத் தொங்க விட்ட பொறவு அது யாரு வீட்டு ஆடுன்னு கேட்டா வாங்குறீங்க? கறியைப் பாத்துத்தான வாங்குறீங்க? கதையையும் தோலை உரிச்சுத் தொங்க விடுங்க." அதுல இருந்து யாரும் கதையில பேரு போடக்கூடாது. செயலாளர் கையில குடுக்கணும். யாரு எழுதினதுன்னு செயலாளருக்கு மட்டுந்தான் தெரியும். அவரே வாசிப்பாரு. எல்லாரும் பேசி முடிச்ச பொறவு, "எழுதினவங்க எந்திரிக்கலாம்"பாரு. எந்திரிச்சவங்களுக்கு நான் துண்டு போத்துவேன். எந்திரிக்கப் பிரியமில்லைன்னா உக்காந்துக்கலாம், அப்ப செயலாளர் எந்தக் காலத்துலயும் பேரை வெளிய விடக்கூடாது. நானே போட்ட சட்டம் சார். நானே போட்ட சட்டம் என் கழுத்தையே அறுத்துச்சு.

போன கூட்டத்துல வாத்தியாரு ஒரு கதை வாசிச்சாரு. ஒரு மரக்கடைக்காரன் தன் வாயாலயே சொல்ற மாதிரி. நான், நான்னுதான் போகும் கதை. காலையில எந்திரிக்கிறேன், ரம்பத்துக்குச் சாணை புடிக்கிறேன், என் பொண்டாட்டியை ராணி மாதிரி வச்சிருக்கேன். அப்படித் தொடங்குச்சு. எனக்கு அந்தாளை ரொம்பப் புடிச்சுப் போச்சு. உழைப்பாளி. ஊருல மரியாதை. ஆனா வீட்ல அவளுக்குக் கவனம் பத்தாது. கொழம்புல உப்பைக் கூட்டிருவா. சொல்லிச் சொல்லிப் பாக்குறான். ரெண்டு தட்டு தட்டுறான். தட்டுன அன்னைக்கெல்லாம் மல்லிகைப் பூ வாங்கிட்டுப் போறான். நல்ல மனுசன்தான? ஒருநாள் வெளியாளுங்க சாப்பிட வந்த எடத்துல கொழம்பு உப்புக் கரிக்குது. அவங்க போன பொறவு இவன் அவளைக் கூப்பிட்டு, கையைக் கதவு நெலையில வைக்கச் சொல்றான். வைக்கிறா. கதவைச் சாத்துறான். ரெண்டு வெரலு போயிருது. பொறவு இவனே போயி ஆட்டுக்கால் வாங்கிட்டு வந்து, இவனே சூப்பு வச்சு, பக்கத்துல உக்காந்து, "குடி, எலும்பு கூடிரும். யாரு கேட்டாலும் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு"ங்கிறான். அவளும் தலையாட்டுறா.

அவ்வளவுதான். அந்த எடத்துல கதை நின்னுபோச்சு. சூப்பைக் குடிச்சாளா இல்லையான்னு கூட இல்ல.

எனக்கு முன்னால உக்காந்திருந்த டெய்லரு அழுகிறாரு, மீசை வச்ச ஆம்பள. நான்தான் மொதல்ல எந்திரிச்சேன். "அருமையான கதை. கதாநாயகன் பாத்திரத்தை உசுரோட கொண்டாந்துட்டாங்க. ஒரே கொறை, முடிவு இல்ல. முடிவு வேணும்"ன்னேன்.

மெர்சி அம்மா கேக்குறாங்க, "கதாநாயகனா அண்ணே? யாரு?"

"மரக்கடைக்காரன்தான். வேற யாரு இருக்கா கதையில?"

அந்தம்மா என்னையே பாத்தாங்க. பொறவு நிதானமாச் சொன்னாங்க: "அவரு சொல்றதை மட்டும் கேட்டா அவரு நல்லவருதான். இந்தக் கதையில எழுதினவங்க செஞ்ச பெரிய வேலையே அதுதான். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசல, அவங்களுக்கு ஒரு பேரு கூட இல்ல. ஆனா இது அவங்க கதை. தான் என்ன செய்யிறோம்னே தெரியாத ஒருத்தன் வாயால, அவனையே காட்டிக் குடுக்க வச்சிருக்காங்க. அவன் மிருகம்ங்கிறது அவனுக்கு மட்டுந்தான் தெரியல."

எல்லாரும் ஆமா ஆமான்னாங்க. ஆளாளுக்கு அந்த மரக்கடைக்காரனைத் திட்டுறாங்க. ராவணன், "அவனையெல்லாம் நடுரோட்டுல நிக்க வச்சுச் செருப்பால அடிக்கணும்"ங்கிறான். எனக்குப் பொறுக்கல. "என்னய்யா தப்பு செஞ்சான், சூப்பு வச்சுக் குடுத்தானா இல்லையா?"ன்னு சத்தம் போட்டேன்.

சரி, கதை நல்ல கதை, அதை நான் இல்லைங்கல. பெருந்தன்மையாச் சொன்னேன்: "எழுதினது யாரா இருந்தாலும், இந்தத் தடவை துண்டு இல்ல, பட்டுச் சால்வை. என் கையால போத்துவேன்."

வாத்தியாரு, "எழுதினவங்க எந்திரிக்கலாம்"ன்னாரு.

ஒருத்தரும் எந்திரிக்கல. ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்குறாங்க. எல்லாரும் உக்காந்துதான் இருக்காங்க. பஞ்சவர்ணம் மட்டும் டிரேயோட சுவத்தோரமா நின்னுக்கிட்டிருந்தா, அவ எப்பவும் நிக்கிறவதான. வாத்தியாரு அவ இருந்த பக்கம் பாத்துக்கிட்டே இருந்தாரு. தொண்டை காஞ்சு போச்சாக்கும்னு நெனைச்சு, "ஏய், வாத்தியாருக்கு டீயைக் குடு, மரம் மாதிரி நிக்கிறே"ன்னு ஒரு அதட்டு அதட்டினேன். குடுத்தா. டம்ளர் தளும்பிக் கொட்டுச்சு.

அப்படியே கலைஞ்சு போனோம். சால்வை பீரோவுலதான் இருக்கு.

ரெண்டு மூணு நாள் கழிச்சு, கடையில நிக்கிறேன். ஒரு பொம்பளை வந்து, "அண்ணே, ஆட்டுக்கால் குடுங்க, மாமியா வழுக்கி விழுந்துட்டாங்க, சூப்பு வைக்கணும்"ன்னா. காலை எடுத்துக் கட்டையில வச்சு கத்தியை ஓங்கிட்டேன். ஓங்கின கை அப்படியே நின்னுபோச்சு சார்.

குடி, எலும்பு கூடிரும். யாரு கேட்டாலும் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு.

அது என் வார்த்தை. ஒரு எழுத்து மாறாம என் வார்த்தை.

அவ மேல நான் கை நீட்டினதே இல்லைன்னு சொல்ல மாட்டேன். நீட்டியிருக்கேன். எந்த வீட்ல சார் இல்ல? அதுலயும் நான் கத்தி புடிக்கிற கை. பலம் தெரியும், அதனால அளந்துதான் அடிப்பேன். செவுட்டுல அடிச்சா காது போயிரும்னு முதுகுல அடிப்பேன். ஒருக்க தராசுச் சங்கிலியால ஒண்ணு போட்டேன், அன்னைக்கு என் கோவம் அப்படி. போன வருசம் மார்க்கெட் சங்கத்துத் தலைவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கொழம்பு வாயில வைக்க முடியல, உப்பு. அந்த மனுசன் ரெண்டு வாய் சாப்பிட்டு மோரை ஊத்திக்கிட்டான். என் மானம் போச்சா இல்லையா? அவன் போன பொறவு கூப்பிட்டு, பின்கதவு நெலையில கையை வைடின்னேன். வச்சா. வலது கை. ஆள்காட்டி வெரலும் நடுவெரலும். கதவு இரும்புக் கதவு. அம்புட்டுத்தான். அதுக்கு மேல நான் ஒண்ணும் செய்யல. கத்தவும் இல்ல அவ. பொறவு நானே சூப்பு வச்சேன். இதே ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிட்டு வந்தேன். டாக்டர் கேட்டப்ப, வழுக்கி விழுந்துட்டேன்னு என் மூஞ்சியைப் பாக்காமலே சொன்னா. அப்படி ஒரு உத்தமி சார் அவ. வெரலு ரெண்டும் மடங்காமப் போச்சு, அது வேற.

அப்ப இது வெளிய எப்படிப் போச்சு? வீட்ல இருந்தது நானும் அவளும். நான் சொல்லல. அவ வாயைத் திறந்து யார்கிட்டயும் பேச மாட்டா. யோசிச்சேன். மாடிக்குப் போற படி எங்க பின்கதவை ஒட்டித்தான் போகும். கொட்டகைச் சாவி வாத்தியாருகிட்டத்தான் இருக்கும். புஸ்தகம் எடுக்க வர்றேன், பெஞ்சு சரி பண்ண வர்றேன்னு நேரங்காலம் இல்லாம வந்து போறவன். ஒட்டுக் கேட்டிருக்கான்! என் வீட்டு விசயத்தை ஒட்டுக் கேட்டு, கறிக்கடையை மரக்கடையாக்கி, என்னை ஊர் முன்னால உக்கார வச்சு மிருகம்னு திட்ட வச்சிருக்கான். அதுக்கு நான் பட்டுச் சால்வை தர்றேன்னு வேற சொன்னேன். என்னை இப்படி முட்டாளாக்கினவனைச் சும்மா விடுவேனா?

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியில கூப்பிட்டேன். "ஐயா, உள்ள வாங்க, அடுத்த கூட்டம் பத்திப் பேசணும்." வந்தாரு. ஷட்டரை இழுத்து விட்டேன்.

"கதை எங்க?"

பைக்குள்ள வச்சிருந்தாரு. புடுங்கிப் பாத்தேன். கோழி கிண்டுன மாதிரி எழுத்து. ஒண்ணு மேல போகுது, ஒண்ணு கீழ போகுது. வாத்தியாரு எழுத்து அச்சு மாதிரி இருக்கும் சார், ஊருக்கே தெரியும். அப்ப ஆளு தெரியக்கூடாதுன்னு பீச்சாங்கையில எழுதியிருக்கான். எம்புட்டுத் திட்டம் பாத்தீங்களா?

"யாரு எழுதினது?"

"சொல்லக் கூடாது. நீங்க போட்ட சட்டம்தான் சோலைமலை."

மொத அறையிலயே கண்ணாடி பறந்துருச்சு. வயித்துல ஒரு உதை. ஆடு கட்டுற தொட்டிப் பக்கமாப் போயி விழுந்தாரு. ஒல்லி ஆளு, தூக்குனா உரிச்ச குட்டி கனம் கூட இல்ல. முடியைப் புடிச்சுத் தூக்கி நிறுத்திக் கேட்டேன். சொல்ல மாட்டேங்கிறாரு. வாயெல்லாம் ரத்தம். சொல்ல மாட்டேங்கிறாரு. எனக்கு வெறி ஏறிப்போச்சு. வலது கையைப் புடிச்சு வெட்டுக் கட்டையில வச்சேன். கத்தியைத் திருப்பிப் புடிச்சுக்கிட்டேன். வெட்ட மாட்டேன் சார், நான் என்ன கொலைகாரனா, முதுகுப் பக்கம்தான்.

"கடைசியாக் கேக்குறேன்."

சொல்லல. போட்டேன். சத்தம் வந்துச்சு பாருங்க, அந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரியும். நெதம் கேக்குற சத்தம். மனுச வாயில இருந்து ஒரு ஓலமும் கூட வந்துச்சு, அதுதான் புதுசு. பீச்சாங்கையை எடுத்து வச்சேன், எழுதுன கையாச்சே. அதுலயும் போட்டேன்.

அப்பத்தான் சொன்னாரு. "நான்தான். நான்தான் எழுதினேன். போதும், விட்டுரு. வேற யாரும் இல்ல, நான்தான்."

பாத்தீங்களா? ஒத்துக்கிட்டான். தன் வாயாலயே ஒத்துக்கிட்டான். இதுக்கு மேல சாட்சி எதுக்கு?

அப்பப் பின்கதவு திறந்துச்சு. பஞ்சவர்ணம். எம்புட்டு நேரமா அங்க நின்னாளோ தெரியல. வாத்தியாரைப் பாத்தா. கட்டையைப் பாத்தா. அழுகல, கத்தல. என்னைப் பாத்து, "அவரை விடுங்க. அவரு எழுதல. நான் எழுதினேன்"ங்கிறா.

"பேசாதீங்கம்மா, உள்ள போங்க"ன்னு வாத்தியாரு கெடந்தபடியே கும்புடப் பாக்குறாரு. கை ரெண்டும் சேர மாட்டேங்குது.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு சார். சத்தியமாச் சொல்றேன், வயிறு வலிக்கச் சிரிச்சேன். கத்தியைக் கட்டையில கொத்தி வச்சுட்டு அவகிட்டப் போனேன். நெலையில கையை ஊனிக்கிட்டு, அவ மூஞ்சிக்கு நேரா நின்னு சிரிச்சேன். "நீயா? நோக்குநிலைன்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு? எட்டாப்பு படிச்ச கழுதை. உன் கையால பேனாவே புடிக்க முடியாதேடி!"

அவ இடது கையைத் தூக்கிக் காட்டினா. வெரல்ல ஊதா மை. மளிகைச் சீட்டு எழுதியிருப்பா, அது ஒரு அத்தாட்சியா?

"முடிவு வேணும்னு கேட்டீங்கள்ல?"ன்னா.

அதுக்குள்ள கதவு சாத்திக்கிச்சு.

சரி, உங்ககிட்ட என்ன மறைக்கிறது. வழுக்கி விழல. கதவுதான். ஆனா அது காத்து சார். எங்க பின்கதவு காத்துக்குச் சாத்தும். இரும்பு வேறயா, படீர்னு சாத்திக்கிச்சு, என் கை நெலையில இருந்துச்சு, மாட்டிக்கிச்சு. யாரு மேல தப்புச் சொல்ல முடியும்? நான் கத்துன கத்துல தொட்டியில இருந்த ஆடு கயித்தை அத்துக்கிட்டு ஓடப் பாத்துச்சு. திறடி, திறடின்னு கத்துறேன். காத்து விடல. அழுத்திக்கிட்டே நின்னுச்சு. ஒரு தடவை லேசா விட்டுச்சு, கையை உருவிரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள இன்னொருக்கச் சாத்துச்சு. மொதத் தடவையை விட ஓங்கி. என்ன சத்தம்னு கேக்காதீங்க. நெதம் கேக்குற சத்தம்தான்.

வெளிய மரம் ஆடலைங்கிறாங்க. மரம் ஆடாமலும் காத்து அடிக்கும் சார்.

டாக்டரு எங்க மூணு பேரையும் அறிஞ்சவரு. போன வருசம் அவளுக்குக் கட்டுப் போட்டதும் அவருதான். வாத்தியாருகிட்ட என்ன ஆச்சுன்னு கேட்டாரு. பள்ளிக்கூடப் படியில வழுக்கி விழுந்துட்டேன்னாரு வாத்தியாரு. ரெண்டு கையும் ஒரே மாதிரி ஒடைஞ்சிருக்கு, படியில விழுந்தாராம். ஏன் அப்படிச் சொல்றாருன்னு எனக்கும் புரியல, என் மேல கேஸ் குடுக்கலாம்ல? பயந்துட்டான். போலீசுக்குப் போனா கதையை யாரு எழுதினதுன்னு கோர்ட்டுல கேப்பாங்கள்ல, ஒட்டுக் கேட்ட வண்டவாளம் வெளிய வரும்ல, அதுதான். அடுத்தாப்ல என்னைக் கேட்டாரு. வழுக்கி விழுந்துட்டேன்னேன். பொண்டாட்டி கதவு நெலையில வெரலை நசுக்கிட்டான்னு ஒரு ஆம்பள... இல்ல சார், காத்து. காத்துன்னு சொன்னாலும் நம்ப மாட்டாங்கன்னு வழுக்கினேன்னு சொன்னேன்.

டாக்டரு பேனாவை மூடிட்டு, "உங்க கடை வாசல்ல அப்படி என்னய்யா வழுக்குது?"ன்னாரு. நர்ஸம்மா திரும்பிக்கிட்டுச் சிரிச்சுச்சு. எனக்குச் செத்துப் போயிரலாம்னு இருந்துச்சு.

வெரலு ரெண்டு எடுக்கணுமாம். கட்டைவெரல் தப்பிச்சாப் பெரிசுங்கிறாரு. கத்தி புடிக்காத கையை வச்சுக்கிட்டு நான் என்ன சார் செய்யிறது? அதை நெனைச்சா உள்ளுக்குள்ள அறுக்குது. கடை போயிருச்சுன்னா, நோட்டீஸ்ல என் பேரு இருக்குமா? இந்த ஊருல நான் யாரு?

அவளா? வீட்லதான் இருக்கா. எங்கயும் போகல. நேத்துக் கூட்டமே போட்டாங்களாம், அதே கொட்டகையில, மெர்சி அம்மா தலைமையில. யாரு சாவி குடுத்ததுன்னு தெரியல. "எழுதினவங்க எந்திரிக்கலாம்"ன்னாங்களாம். யாரோ எந்திரிச்சாங்களாம். சால்வையை பீரோவுல இருந்து எடுத்துப் போத்துனாங்களாம். டெய்லரு வந்து சொல்லிட்டுப் போறான். யாருய்யா எந்திரிச்சதுன்னா, என் மூஞ்சியைப் பாக்காம எந்திரிச்சுப் போயிட்டான். வாத்தியாரு இங்க படுத்துக் கெடக்காரு, பொறவு அங்க எவன் எந்திரிச்சான்? எனக்கு ஒண்ணும் வெளங்கல.

மத்தியானம் அவ வந்திருந்தா. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க. கையில ரெண்டு அடுக்குத் தூக்குச்சட்டி. என் கட்டிலைத் தாண்டி நேராக் கடைசிக்குப் போனா. வாத்தியாரு தலையைத் தூக்கிப் புடிச்சு, ஸ்பூனால ஊட்டி விட்டா. இடது கையால. ஒரு சொட்டு சிந்தல. அவரு அழுகுறாரு, இவ தொடைச்சு விடுறா. வார்டே பாக்குது. கட்டுன புருசன் நான் இங்கிட்டுக் கெடக்கேன்.

அதுக்குப் பொறவு இங்க வந்தா. அடுக்குல ஒண்ணைப் பிரிச்சு, இந்தா, இந்த ஸ்டூல் மேல வச்சா. ஆட்டுக்கால் சூப்பு. எங்க கடைக் கால்தான், வெட்டுனது யாருன்னு தெரியல, வெட்டு சுத்தமா இருக்கு. நீங்க இப்ப உக்காந்திருக்கிற அதே எடத்துல உக்காந்தா. உக்காந்தா சார்! நான் இருக்கும்போது அவ உக்காந்து நான் பாத்ததே இல்ல. நேரா என் கண்ணைப் பாத்துச் சொன்னா.

"குடிங்க, எலும்பு கூடிரும். யாரு கேட்டாலும் வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லுங்க."

சொல்லிட்டுப் போயிட்டா. அதுல இருந்து சூப்பு இங்கயே இருக்கு. ஆறிப்போச்சு, மேல கொழுப்புக் கூட ஏடு கட்டிருச்சு பாருங்க. பசிக்குது. வாடை நல்லாத்தான் வருது, மொளகு தட்டிப் போட்டிருக்கா. வாத்தியாரு குடிச்சாரு, நல்லாத்தான் தூங்குறாரு. ஆனா அவருக்கு ஊட்டினது மேலடுக்கு. எனக்கு வச்சது கீழடுக்கு.

பயமா? எனக்கா? சேச்சே. என் பொண்டாட்டி வச்ச சூப்பு சார் இது. அவளுக்கு உப்பு அளவு தெரியாது, அவ்வளவுதான் என் கவலை.

சார், நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்றீங்களா? உப்பு சரியா இருக்கான்னு.